ஜ-வும் ஹ-வும்

நூற்றாண்டு மலருக்கு நாற்பது பெயர் வேண்டுமாம்.
புகழ்பெற்ற பழைய மாணவர்கள்,
ஆளுக்கு மூன்று வரி,
வெள்ளிக்கிழமைக்குள்.

முப்பத்தொன்பது கிடைத்துவிட்டது.
சங்கிலிக்குண்டு எறிந்து வெண்கலம் வாங்கிய வாஜா அப்கஸாவா:
கணிதத்தில் நான்கு முறை தவறியவர்,
அதை மட்டும் எழுதாதீர்கள் என்றாள் மகள்.
பனியாற்றுக்கு வயது சொன்ன ஏதெரி தொலிட்ஸே.
இரண்டு அமைச்சர்கள்; ஒருவர் மூன்றாம் ஆண்டிலேயே நின்றவர்.
'பயின்றார்' என்று போட்டால் போதும் என்கிறார் உதவியாளர்.
பயின்றார் என்ற சொல் எதையும் தாங்கும்.

அச்சகத்துப் பெசிகி பட்டியலைப் பார்த்துக் கேட்டான்:
"குடும்பப்பெயர் ஒன்றுகூட ஜ-வில் இல்லையே,
ஹ-வில் இல்லையே.
அரிச்சுவடியின் கடைசி பெஞ்சுக்காரர்களுக்குப்
படிப்பு ஏறாதா?"

சிரித்துவிட்டு
மாடிப்படி ஏறினேன்.

சுவரில் பதினொரு துணைவேந்தர்கள்.
ஏழாமவர் அந்தக் குளிர்காலத்தில்
மருத்துவ விடுப்பில் வெளிநாடு போனவர்.
வசந்தத்தில் திரும்பிவந்து ஓவியர் முன் உட்கார்ந்தார்.
கன்னம் எவ்வளவு சிவப்பு, பாருங்கள்.

மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை, சம்பளம் இல்லை.
ரியோனி ஆற்றுக் காற்று அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
பேனாவை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்
குறிப்பெடுத்தோம்.
ஜன்னலுக்கு மேல் சுவரைத் துளைத்துக்
குழாய் நீட்டிய தகர அடுப்பு, வகுப்புக்கு ஒன்று.
முதலில் நாற்காலிகள் போயின,
பிறகு கரும்பலகையின் சட்டம், பிறகு மேடை.
பிறகு துணைவேந்தர்களின் பட்டமளிப்பு உரைகள், பதினேழு தொகுதி:
பிரமாதமாக எரிந்தன,
ஒரு சொல்லிலும் ஈரம் இல்லை.

ஜனவரி மூன்றாம் வாரம்
பொறுப்புப் பதிவாளர் நதேலா க்வரமாட்ஸே,
வேதியியல்காரி,
தன் கையாலேயே அலமாரியைத் திறந்தார்.
நூலகச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.
அதைத் தொடவில்லை.
"எழுதியவர்கள் போய்விட்டார்கள். நீங்கள் இருக்கிறீர்கள்.
உங்களை நீங்களே மறுபடி எழுதிக்கொள்ளலாம்"
என்று சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கினார்.
கடைசி எழுத்திலிருந்து தொடங்கினோம். தத்துவம் ஒன்றுமில்லை,
அடுக்கில் அதுதான் மேலே இருந்தது.

ஹ ஒல்லியான ஏடு. எங்கள் பக்கம்
அந்தக் குடும்பங்கள் குறைவு.
அரைக் கெண்டித் தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை.
ஜ இரண்டு நாள் வந்தது.
அந்த இரண்டு நாளும் பாடம்:
எரிதலின் வெப்பக் கணக்கு.
எடுத்துக்காட்டுக்கு அலையவேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் யாரோ ஒரு மாணவியின் அப்பா
லாரி நிறைய ஓக் கட்டை கொண்டுவந்தார்.
மற்ற எழுத்துகள் பிழைத்தன.
பிழைத்த எழுத்துகளில்தான்
எங்கள் புகழெல்லாம்.

நதேலா சுவரில் இல்லை.
ஆவண அழிப்பு என்று விசாரித்தார்கள்.
அந்தக் கோப்பு பத்திரமாக இருக்கிறது, எண்பத்திரண்டு பக்கம்.
கையில் ஏந்தி எடைபார்த்தேன்:
ஒரு மணிநேர வகுப்புக்கு வரும்.

என் குடும்பப்பெயர் ஜின்சரட்ஸே.
என் பக்கத்தை அடுப்பில் போட்டது நானேதான்.
தாள் கறுத்துச் சுருண்டபின்
பிறந்த தேதி மட்டும் ஒரு கணம்
வெள்ளியாக மினுங்கியது, வாசிக்க முடிந்தது.
இருபத்தெட்டு வருடமாக இதே அலுவலகத்தில்
மற்றவர்கள் படித்ததற்குச் சான்று எழுதித் தருகிறேன்.

நாற்பதாவது இடம் காலி.
நதேலா இங்கே படித்தவரல்ல, விதி விடாது.
தொலைபேசியில் பெசிகி காத்திருக்கிறான்.
கொடுத்த மூன்று வரியில் சொன்னேன்:

ஜ, ஹ.
சேர்க்கை விவரம் கைவசம் இல்லை.
அந்த ஆண்டு ஒரு வகுப்பும் நின்றதில்லை.

"படம்?" என்றான்.
பதினாறாம் அறை, ஜன்னலுக்கு மேல்,
குழாய் போன வட்டத் துளை.
அடைத்து வெள்ளையடித்திருக்கிறார்கள், அதை எடு.
"எப்படித் தெரியும் எனக்கு?"
மழை வரட்டும் என்றேன்.
அந்த இடத்தில் மட்டும்
சுவரில் ஈரம் தெரியும்.